பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

எங்கள் வீட்டு வரிசையில் பொழுது விடிந்ததற்கு அடையாளம் ஒரு குரல். எல்லா வயதினருக்கும் அக்காவான பக்கத்து வீட்டு நவமணி பின்கதவைத் திறந்துகொண்டு, "முனுசாமி, தண்ணி சுட்டிருச்சு" என்பார். முனுசாமி அவருடைய கணவர். கிணற்றடியிலிருந்து ஓர் இருமல் பதிலாக வரும். அதற்குப் பிறகுதான் என் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார்.

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் நான் வளர்ந்த அந்த வரிசையில் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனைவி அவர் ஒருவர்தான். என் அம்மாவுக்கு என் அப்பா "இந்தாங்க". எதிர்வீட்டு தனலெட்சுமி அக்காவுக்கு "எங்க வீட்டுல". என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, அப்பா பெயர் என்ன என்று ஆசிரியை கேட்டபோது, அம்மா என் தோளை லேசாக இடித்தார். ஏழு வயதில் நான்தான் சொன்னேன். அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நவமணி அக்காதான் விசித்திரமாகத் தெரிந்தார். சந்தையிலும் கோயிலிலும் கிளினிக்கிலும் அவர் கணவரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என்ன உன் வீட்டு வேலையாளா என்று தனலெட்சுமி அக்கா ஒருமுறை சீண்டியபோது, நவமணி அக்கா துணியை உதறிக்கொண்டே, "பேருன்னு ஒண்ணு வச்சிருக்காங்கல்ல, துரு பிடிக்காம இருக்கட்டும்லா" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு கிளம்புவார்கள். ஃபெரியில் ஏறி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போவார்கள். அங்கே இறங்கி, கால் வைத்ததும் வைக்காததுமாக அடுத்த ஃபெரியில் திரும்பி வருவார்கள். பிறகு முதல்முறை ஊருக்கு வந்தவர்கள் போல மணிக்கூண்டு, பாடாங் திடல், மாரியம்மன் கோயில், ஒரு தட்டு ரோஜாக், மத்தியானக் காட்சி ஒரு படம். பினாங்கில் இருந்துகொண்டே பினாங்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று வரிசையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். வரலாறு படித்தேன். கடைசி ஆண்டில் ஜப்பான்காரர் மலாயாவை ஆண்ட காலத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்று தோன்றவே பல வாரம் ஆயிற்று. கேட்டபோது, நான் தேதிகளைக் கேட்டேன். நவமணி அக்கா சாப்பாட்டைச் சொன்னார். நான் ஆட்சிமுறையைக் கேட்டேன். அவர் சைக்கிள் டயரைச் சொன்னார். தேங்காய் துருவிக்கொண்டே, பல மாலைகளில், அந்த ஆடி மாத ஞாயிறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார். என் ஆய்வேட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரர் வந்து ஒன்றரை வருடம். முனுசாமிக்கு இருபத்து நாலு வயது. அதற்கு முன் பெருநிலத்தில் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கணக்கராக இருந்தவர். துரை ஓடிப்போனதும் தோட்டம் படுத்துவிட்டது. பினாங்குக்கு வந்து அரிசிப் பங்கீட்டு அலுவலகம் ஒன்றில் சின்னக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சேர்ந்த அன்று, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். கல்யாணம் ஆனவனுக்கு மனைவியின் பங்கு அரிசியும் உண்டு என்று பக்கத்தில் நின்றவன் காதில் சொன்னான். பசித்திருந்த முனுசாமி ஆகிவிட்டது என்றார். மனைவி எங்கே என்றதற்குப் பெருநிலத்தில், தாய் வீட்டில் என்றார். இல்லாத மனைவியின் அரிசியை எட்டு மாதம் சாப்பிட்டார்.

அந்த ஆடியில், சயாமில் ரயில் பாதை போடும் இடத்துக்கு ஒவ்வோர் அலுவலகமும் கல்யாணமாகாத ஆட்களைத் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. போன யாரும் அதுவரை திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா ஆனந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். எங்கள் அலுவலகத்தில் கல்யாணமாகாதவன் ஒருவனும் இல்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் வேறோர் அலுவலகத்தில் அப்படிப் பொய் எழுதியவரைத் தெருவில் மண்டியிட வைத்து அடித்திருந்தார்கள். மற்றவர்களின் மனைவிமாரை அவர் கண்ணால் பார்த்திருந்தார். முனுசாமியின் மனைவியை மட்டும் பார்த்ததில்லை. முனுசாமியைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூட்டி வாரும் என்றார். ஊரைச் சுற்றிக் காட்டலாம், கேளிக்கைப் பார்க்கில் ஒரு தமிழ் நாடகம் நடக்கிறது, என் மனைவியும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போனாள், நால்வருமாகப் போகலாம். பேச்சு அழைப்பு மாதிரிதான் இருந்தது. பரீட்சை என்பது முனுசாமிக்கு விளங்கிவிட்டது. பெண் வராவிட்டால் திங்கட்கிழமை அவர் பெயர் சயாமுக்குப் போகும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் லெட்சுமி என்ற அம்மாவின் வீட்டில் சாப்பாடு எடுத்திருந்தார். லெட்சுமியின் மகள்தான் நவமணி. பத்தொன்பது வயது. அந்த வீட்டு ஆண்பிள்ளையான அவளுடைய அப்பா சித்திரையிலேயே சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். முனுசாமி சைக்கிளில் போய், வாசலில் நின்று, எச்சில் விழுங்கி விழுங்கி விஷயத்தைச் சொன்னாராம். லெட்சுமி விளக்குமாற்றைத் தேடினாராம். ஒப்புக்கொண்டது நவமணிதான்.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"நாடகம் உண்டுன்னு சொன்னாரு" என்றார். பிறகு துருவலை நிறுத்திவிட்டு, "எங்கப்பாவ லாரியில ஏத்துனப்ப நாங்க அத்தன பேரும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னோம். ஒருத்தராச்சும் ஏதாச்சும் பொய் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

லெட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். இருட்டுவதற்குள் பெண் வீடு வந்து சேராவிட்டால், தானே ஜப்பான்காரனிடம் நடந்து போய் இவன் கல்யாணமாகாதவன் என்று சொல்லிவிடுவதாக.

தாலிக்கு ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்தில் பலர் தங்கத்தைப் புதைத்துவிட்டோ விற்றுவிட்டோ மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தார்கள். நவமணி ஒரு கயிற்றை மஞ்சளில் நனைத்து, விடியற்காலையில் தானே தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனுசாமியின் சைக்கிளுக்கு டயர் இல்லை. தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி வளைத்துக் கட்டியிருந்தார். பட்டர்வொர்த் வரை பின்னால் உட்கார்ந்து வந்த தனக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது என்று அக்கா சொன்னார். ஃபெரியில் ஏறியதும் முனுசாமி பாடம் நடத்தத் தொடங்கினார். சிப்பாய் கேட்டால் என்ன சொல்வாய், மொழிபெயர்ப்பாளன் கேட்டால் என்ன சொல்வாய். கணவர் பெயர்? எஸ். முனுசாமி. இன்னொரு தடவை. எஸ். முனுசாமி. பெண்டாட்டி யாராவது புருஷன் பேரைச் சொல்லுவாளா என்று அவள் கேட்டாள். சிப்பாய்க்கு அதெல்லாம் தெரியாது, கேட்டதும் சொல்லாவிட்டால் அறைவான் என்றார் அவர். பெண்டாட்டி எப்படியிருப்பாள் என்பது அவருக்குத்தான் தெரியாது. அக்கரை வருவதற்குள் அந்தப் பெயர் அவள் நாக்கில் படிந்துவிட்டது.

படகுத்துறையில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள். சிப்பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஆனந்தராஜாவும் அவர் மனைவி கமலாம்பிகையும் காத்திருந்தார்கள். அவர் உயரம், ஒட்டிய கன்னம், சட்டைக் கையில் ஜப்பானிய எழுத்துப் போட்ட வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை உள்ளவரை யாரும் தொடமாட்டார்கள். கமலாம்பிகை முன்பு பருமனாக இருந்திருக்க வேண்டும். ரவிக்கை தோளில் தொங்கியது. வெகுநாளைக்குப் பிறகு வெளியே வந்ததில் அவர் முகம் பூத்திருந்தது. நவமணியின் கையைப் பிடித்தவர், சாயங்காலம் வரை அதிகம் விடவில்லை.

அக்கா சொல்லும்போது அந்த நாளில் பயம் ஓர் ஓரமாகத்தான் இருந்தது. தோட்டத்தைத் தாண்டாத பெண்ணுக்கு எல்லாம் புதுமை. குண்டு விழுந்ததில் சாய்ந்துபோன மணிக்கூண்டைப் பார்த்து, இது விழுமா என்று கேட்டிருக்கிறார். அதன் முள் டோக்கியோ நேரம் காட்டியது; வெயில் ஒரு மணி சொன்னது, கடிகாரம் வேறொரு மணி சொன்னது. பாடாங் திடலில் கடற்காற்றில் நால்வரும் நடந்தார்கள். பாதி வீடுகள் இடிந்த தெருக்களில்கூட ஒரு சீனக் கிழவர் வாசலில் பூத்தொட்டி வைத்திருந்தார். நடக்க நடக்க ஆனந்தராஜா, சும்மாதான் கேட்கிறன் என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

முனுசாமிக்கு என்ன கறி பிடிக்கும் என்றார். இருக்கிற கறி என்றாள் நவமணி. கமலாம்பிகை வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு நேராகவே கேட்டார். "இவர் எட்டு மாசமா உம்மட பங்கு அரிசியை வாங்கினவர். உமக்கு வந்து சேர்ந்ததோ பிள்ளை?"

நவமணி முனுசாமியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பாதி வழியிலயே சோறாயிடுச்சுங்க" என்றாள்.

ஆனந்தராஜாகூடச் சிரித்துவிட்டார். அந்தப் பார்வை மட்டும் அசல் பெண்டாட்டிப் பார்வை என்று முனுசாமி தாத்தா பின்னாளில் என்னிடம் சொன்னார். அந்த நிமிடத்தில்தான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதாம். அக்கா இதை நம்பவில்லை. ரோஜாக் தட்டில் பங்கு கேட்கமாட்டாள் என்று நினைத்திருப்பார் என்றார்.

சௌராஸ்தா சந்தைக்குப் பக்கத்தில் சிக்கந்தர் என்பவர் தள்ளுவண்டியில் ரோஜாக் விற்றார். மாவு இல்லை, முட்டை இல்லை. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பொரித்து, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் குழம்பை மேலே ஊற்றிக் கொடுத்தார். முட்டையை மனதில் நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள், அதற்குக் காசில்லை என்று சிக்கந்தர் எல்லாரிடமும் சொல்லும் அதே கேலியை இவர்களிடமும் சொன்னார். கருக்கிய சோளத்தில் காப்பி. நவமணியின் தட்டு காலியானதும், முனுசாமி தன் தட்டில் இருந்த கடைசித் துண்டை அவள் தட்டில் வைத்தார். அவள் தின்றுவிட்டாள். கமலாம்பிகை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து கோயிலுக்குப் போனார்கள். வெயில் உச்சி. கால் கழுவும் குழாயடியில் பெண்கள் இருவர் மட்டும். கமலாம்பிகை நவமணியின் கழுத்தைப் பார்த்தார். வியர்வையில் மஞ்சள் கரைந்து, கயிறு போகும் வழியெல்லாம் தோலிலும் ரவிக்கை விளிம்பிலும் ஒழுகியிருந்தது. எட்டு மாதம் கழுத்தில் கிடந்த கயிறு இப்படிச் சாயம் விடாது.

"கயிறு இண்டைக்குக் கட்டினதோ பிள்ளை?" என்றார் மெதுவாக.

நவமணி கயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். கமலாம்பிகை தன் முந்தானை நுனியை நனைத்து அவள் கழுத்தைத் துடைத்தார். பிறகு அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். கட்டின பெண்சாதிக்குத் தன் பங்கை எடுத்து வைக்கிற ஆம்பிளை எங்கே இருக்கிறான், அப்பவே எனக்குத் தெரியும் என்றார். கோபம் இல்லை. உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

அவர் ஏன் கணவரிடம் சொல்லவில்லை என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். காரணம் இல்லாமல் ஒரு செயல் இருக்க முடியாது என்று எனக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்திருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அந்த ஊரில் அந்த வருடத்தில் யாரும் காரணத்தோடு காப்பாற்றவில்லையோ என்னவோ.

நாடகம் பிற்பகலில். பார்க்குக்குள் தகரக் கொட்டகை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கயிறு. தீவில் தொலைந்த ராஜாவை ராணி தேடிப் போகும் கதை. ராஜாவின் கிரீடத்தில் சிகரெட் பெட்டித் தாள் மின்னியது. ராஜாவுக்கு விலா எலும்பு தெரிந்தது. அழவேண்டிய இடத்தில் ஆர்மோனியக்காரர் பசியில் தூங்கிப்போக, ராணி பாட்டை நிறுத்தி, காலால் அவரை எழுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாளாம். கமலாம்பிகையும் நவமணியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பொய் வேஷம் போட்டு வந்தது நவமணிக்கு மறந்தே போய்விட்டது. இதைச் சொல்லும்போது அறுபது வயதிலும் அவர் கண் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராணி ராஜாவைக் கண்டுபிடிப்பதற்குள் லாரிச் சத்தம் கேட்டது.

கொட்டகையைச் சிப்பாய்கள் சூழ்ந்துவிட்டார்கள். காட்சி நடக்கும் இடத்தில் ஆள் பிடிப்பது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. இந்த நால்வருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஒரு வாசலைத் தவிர மற்றவற்றை அடைத்தார்கள். மொழிபெயர்ப்பாளன் மேடைமேல் ஏறிக் கத்தினான். குடும்பத்தோடு வந்தவர்கள் மனைவியோடு சேர்ந்து நின்று வாசல் வழியே போகலாம். தனியாக வந்த ஆண்கள் லாரியில் ஏற வேண்டும்.

நடுக்கயிறு அறுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பெண்கள், அந்தப் பக்கத்திலிருந்து ஆண்கள். வெளிச்சம் இருந்தது, ஆனால் தலைகளுக்கு மேல் தலைகள். ஒவ்வொரு பெண்ணும் தன் புருஷனைக் கூப்பிட்டாள். எப்படிக் கூப்பிடுவாள்? "ஏங்க!" நூறு பெண்கள் ஏங்க என்றார்கள். நூறு ஆண்கள் திரும்பினார்கள். இந்தாங்க, இந்தாங்க என்று ஒரு பக்கம். பெரியவனோட அப்பா என்று ஒருத்தி. எந்த ஏங்க தனக்கு என்று தெரியாமல் ஆண்கள் எல்லாத் திசையிலும் முட்டிக்கொண்டார்கள். அதற்குள் ஓரத்தில் இருந்தவர்களைச் சிப்பாய்கள் லாரிப் பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

நவமணி ஏங்க என்று கூப்பிடவே இல்லை. ஃபெரியில் படித்த பாடம் தானாக வெளியே வந்தது.

"முனுசாமி! எஸ். முனுசாமி!"

அத்தனை ஏங்கவுக்கு நடுவில் அந்த ஒரு பெயர் மணி அடித்த மாதிரி கேட்டதாம். லாரியின் அருகே போய்விட்ட முனுசாமி திரும்பினார். சிப்பாயின் கைக்கு அடியில் குனிந்து, ஆட்களைப் பிளந்துகொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

ஆனந்தராஜா சற்றுத் தள்ளி நின்றிருந்தார். கைப்பட்டை இருந்ததால் அவரை யாரும் தொடவில்லை. அவர் நவமணியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை அவள் கண்டாள். கறியும் அரிசியும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாததை அவர் கண்டுபிடித்துவிட்டார். தமிழ்ப் பெண் ஒருத்தி கட்டியவன் பெயரை இவ்வளவு பேருக்கு நடுவில் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும். இவள் சொன்னாள் என்றால், இவள் கட்டியவள் அல்ல.

கமலாம்பிகையும் கணவரின் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் பார்த்த முகம். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நவமணி, அவர் மூச்சை உள்ளே இழுப்பதைக் கேட்டாள்.

"ஆனந்தராஜா!" என்று கூப்பிட்டார் கமலாம்பிகை.

கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. பத்தடி தூரத்தில்தான் அவர் நின்றார். ஆனந்தராஜா அடி வாங்கியவர் போலப் பக்கத்தில் வந்தார். நால்வரும் இரண்டு ஜோடிகளாக வாசலைக் கடந்தார்கள். பார்க்குக்கு வெளியே, மரத்தடியில் வந்து நின்ற பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"நீர் என்ட பேரைச் சொன்னீர்" என்றார்.

"சொன்னன்தான். இந்தச் சனத்துக்குள்ள இஞ்சாருங்கோ எண்டால் ஆருக்குக் கேட்கும்? இந்தப் பிள்ளை கெட்டிக்காரி. இவளைப் பார்த்துத்தான் எனக்கும் வந்தது."

அவர் மனைவியைப் பார்த்தார். நவமணியைப் பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசவில்லை. இவள் பெண்சாதி இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், இவர் தன் வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை, எங்கள் அலுவலகத்தில் கல்யாணமாகாதவர் எவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இருட்டுவதற்குள் நவமணி வீடு போய்ச் சேர்ந்தாள். ஆவணியில் கல்யாணம். சாயம் போன அதே கயிற்றை அவிழ்த்து, முனுசாமி முறைப்படி கட்டினார். மணமகள் மற்றவர்களைப் போலவே அவரை ஏங்க என்று கூப்பிடத் தொடங்கினாள்.

மறு வருடம் கழிந்து, மாசி மாதம், ஆனந்தராஜா காய்ச்சலில் இறந்துபோனார். அந்த ஆண்டு காய்ச்சலில் போனவர்கள் ஏராளம். மருந்து இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. காரணம் அவ்வளவுதான். பட்டம் பெற்ற நான் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம், எழுதியும்விட்டேன். நவமணி சாவு வீட்டுக்குப் போனபோது கமலாம்பிகை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுகை ஓய்ந்திருந்தது. நவமணியைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"ஒருக்காத்தான் பிள்ளை சொன்னனான்" என்றார்.

அவ்வளவுதான். குற்றம் சாட்டவில்லை. கேட்டார். அதனால் இல்லையே என்று இவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். நவமணிக்கு அது தெரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. அப்போது அவளும் அதை நம்பினாள். நம்பாத ஒன்றைச் சொல்லி அந்த அம்மாவை ஏமாற்றக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டாள். ஒரு நாள் முழுக்கப் பொய்யாக நடந்தவளுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை.

இரவு கணவரிடம் சொன்னாள். அந்தம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. முனுசாமி வெகுநேரம் யோசித்தாராம். உயிர் அவருடையது அல்லவா.

"அன்னைக்கு நீ கூப்பிடலன்னா நான் சயாம் போயிருப்பேன். கூப்பிடு" என்றார்.

மறுநாள் காலை, "முனுசாமி, தண்ணி சுட்டிருச்சு" என்றாள். அவர் இருமினார். அன்று அலுவலகம் போய் அவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றாள். அடுத்த நாளும் கூப்பிட்டாள். ஒரு வருடம் கூப்பிடுவது, ஆள் நன்றாக இருந்தால் கமலாம்பிகையிடம் போய்ச் சொல்வது என்று கெடு.

யுத்தம் முடிந்தது. அவளுடைய அப்பா திரும்பவில்லை. தை மாதத்தில், யாழ்ப்பாணத்துக்குத் திரும்புகிறவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப் போகும் கப்பலில் கமலாம்பிகைக்கு இடம் கிடைத்தது. நவமணி துறைமுகத்துக்கு ஓடினாள். வெள்ளைச் சேலையில், ஒரு பெட்டியோடு, வரிசையில் நின்றார் அந்த அம்மா. இவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். உம்மட மனுசன் சுகமோ என்று கேட்டார். சுகம் என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. கெடு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அரைகுறையாகச் சொல்லி, அடுத்த வாரமே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வருடம் முடியட்டும், யாரையாவது பிடித்துச் சேதி அனுப்பலாம் என்று நினைத்தாள். ஊர்ப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. யாழ்ப்பாணம் என்பதே ஓர் ஊர்ப் பெயர் என்றுதான் அப்போது அவளுக்குத் தெரியும்.

மாசி வந்தது. முனுசாமி நன்றாக இருந்தார். சொல்ல வேண்டியவர் இல்லை. நவமணி கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் கணக்கு அரைகுறையாக நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டத்தோ கிராமாட்டுக்குக் குடிவந்தார்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்தார், காலையில் புட்டு அவித்து விற்றார், கோயில் திருவிழாவில் வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார். எந்த யாழ்ப்பாணத்துக்காரரைக் கண்டாலும், கமலாம்பிகை என்று ஒருவர், வீட்டுக்காரர் இங்கே பெரிய கிளார்க்காக இருந்தவர், தெரியுமா என்று கேட்பார். யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்த ஊரிலிருந்து வரும் செய்திகளே வேறு மாதிரி ஆகிவிட்டன. வானொலியில் யாழ்ப்பாணம் என்று கேட்டால், அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வருகிறவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதற்கு எனக்கு ஒரு துணிவும் வேண்டியதில்லை. அதை நினைக்கும்போதுதான், தினமும் காலையில் நாங்கள் கேட்டுச் சிரித்த அந்தக் குரலுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது எனக்கு உறைக்கிறது.

போன வைகாசியில் நவமணி அக்கா இறந்துபோனார். மருத்துவமனையில் கடைசியாக நான் பார்த்தபோதும், படுக்கையிலிருந்து கதவுப் பக்கம் பார்த்து, "முனுசாமி சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்டார். சாப்பிட்டார் என்றேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லணும்லா" என்றார். "ஒருக்காத்தான் சொன்னாங்க. நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன்? இன்னும் இருக்காருன்னு சொல்லணும்."

முனுசாமி தாத்தாவை இப்போது பிள்ளைகள் அப்பா என்கிறார்கள், நாங்கள் தாத்தா என்கிறோம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வரிசையில் ஆள் இல்லை. ஆடி மாத ஞாயிறு வந்தது. அவர் தனியாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து நானும் கூடப் போனேன். பட்டர்வொர்த் போய்த் திரும்பினோம். மணிக்கூண்டைப் பார்த்தோம். ரோஜாக் சாப்பிட்டோம், கடைசித் துண்டைத் தட்டில் ஒதுக்கி வைத்தார், எடுக்க ஆள் இல்லாததால் கொஞ்ச நேரம் கழித்துத் தானே தின்றார். படத்துக்கு வேண்டாம் என்றார்.

பாடாங் திடலில் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது, துறைமுகத்தைக் காட்டி, கப்பல் அங்கேதான் நின்றது என்றார். அறுபத்தெட்டு வயது. பல் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. கமலாம்பிகை இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். எந்த ஊர், எந்தத் தெரு, இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய சேதி என் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லில் சிக்கிய கிழங்கைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தது.